பழைய பைக்கிற்கு எந்த பாலிசி: மலிவானது எது, உருப்படியானது எது

பழைய பைக் வைத்திருப்பவர்களின் இன்சூரன்ஸ் புலம்பலைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் அதில் இரண்டு குரல் இருக்கும். “எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிற வண்டிக்கு இவ்வளவு பிரீமியமா?” என்பது ஒன்று. “வண்டியே போய்விட்டது, இவ்வளவுதான் தருவீர்களா?” என்பது மற்றது. கட்டும்போது அதிகம், வாங்கும்போது குறைவு. இரண்டு கோபமும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. மோட்டார் இன்சூரன்ஸ் கணக்கு முழுவதும் ஷோரூமை விட்டு வந்த நாள் முதல் விலை இறங்கிக்கொண்டே போகும் வண்டிக்காகப் போட்டது. இறங்கி, ஓரிடத்தில் நின்று, பிறகு ஏறத் தொடங்கும் வண்டிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

விண்ணப்பத்தை நிரப்பும்போதே இது தெரிந்துவிடும். ஹோண்டா சிபி750-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் விற்பனைக்கு வந்த மாடல். முதலில் செய்த ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகளின் இன்ஜின் உறை வேறு வகை வார்ப்பு. ‘சேண்ட்காஸ்ட்’ என்று ரசிகர்கள் தேடி அலைவது அதைத்தான். பின்னால் வந்த சிபி750-க்கும் அதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் இரண்டும் ஒரே வரி. அதுவாவது பரவாயில்லை, ட்ரைட்டன் வைத்திருப்பவர் என்ன செய்வார்? நார்ட்டன் நிறுவனத்தின் ஃபெதர்பெட் சேசிஸில் ட்ரையம்ப் நிறுவனத்தின் இன்ஜினைப் பொருத்திய வண்டி அது. தயாரிப்பாளர் யார், எந்த வருடம் என்ற கட்டங்களில் எதை எழுதினாலும் பாதிதான் உண்மை.

‘கிளாசிக்’ என்பதற்கே ஆளாளுக்கு ஒரு கணக்கு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயது, வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பராமரிப்பு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமை என்று வரையறை வைத்திருக்கிறது. பிரிட்டனில் 40 வயதைத் தாண்டினால் சாலை வரி விலக்கு கேட்கலாம். இந்தியாவின் 2021 விதிப்படி ‘விண்டேஜ்’ பதிவு பெற 50 வயது தாண்ட வேண்டும். 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்100 முதல் கணக்கில் தேறிவிடும், மூன்றாவதில் இன்னும் சின்னப் பிள்ளை. இன்சூரன்ஸ் நிறுவனம் இவை எதையும் பின்பற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. அது தனக்கென்று ஒரு வயதை வைத்துக்கொள்ளும்.

சரி, கையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

தேர்ட் பார்ட்டி மட்டும்

மிக மலிவு. சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் பெரும்பாலான நாடுகளில் இதுதான். நீங்கள் இடித்த ஆளுக்கும் அவர் பொருளுக்கும் பணம் போகும். உங்கள் வண்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. எரிந்தாலும், திருடு போனாலும், பள்ளத்தில் விழுந்தாலும் உங்கள் பாடு.

பலர் இதைக் கஞ்சத்தனத்தால் எடுப்பதில்லை. மற்ற கதவுகள் மூடியிருப்பதால் எடுக்கிறார்கள். வயதான வண்டிக்கு ஃபுல் கவர், அதாவது உங்கள் வண்டிக்கும் சேர்த்த காப்பீடு, தரமாட்டோம் என்று சொல்லிவிடும் நிறுவனங்கள் உண்டு. இன்னும் சில நிறுவனங்கள் தரும், ஆனால் போடும் மதிப்பைப் பார்த்தால் நல்ல கார்புரேட்டர் ஜோடிகூட வாங்க முடியாது. அப்படிப்பட்ட ஃபுல் கவரைவிட வெறும் தேர்ட் பார்ட்டியே நேர்மையான பேரம் என்பேன். எதுவும் கிடைக்காது என்பது முன்பே தெரிந்துவிடுகிறதே.

சாதாரண ஃபுல் கவர், ஒப்புக்கொண்ட மதிப்பு

உண்மையான சண்டை இந்த இரண்டுக்கும் நடுவேதான். மற்றவை எல்லாம் இதன் ஓரத்தில் நிற்பவை.

சாதாரண ஃபுல் கவரில் வண்டி முழுதாகப் போனால் கிடைப்பது அன்றைய சந்தை மதிப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த மதிப்பை யார், எப்போது சொல்வது என்பதில்தான் வம்பு. நிறுவனம் சொல்லும், அதுவும் வண்டி போன பிறகு சொல்லும். அப்போது காட்ட உங்களிடம் வண்டி இருக்காது. அது எவ்வளவு பளபளப்பாக நின்றது, இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் தொழிற்சாலையில் இணைந்த அதே ஜோடிதானா, டேங்கின் பெயின்ட் அசலா என்பதையெல்லாம் வாயால் வாதாடி நிரூபிக்க வேண்டும். எதிரே இருப்பவர் கையிலோ ஒரு அட்டவணை.

ஒப்புக்கொண்ட மதிப்பு பாலிசியில் அந்த வாக்குவாதம் முதல் நாளே நடந்து முடிந்துவிடுகிறது. புகைப்படங்கள், செலவு ரசீதுகள், கிளப் அல்லது மதிப்பீட்டாளர் தந்த கடிதம் எல்லாவற்றையும் கொடுக்கிறீர்கள். இருவரும் ஒரு தொகைக்குச் சம்மதித்து பாலிசியில் எழுதுகிறீர்கள். வண்டி முழுதாகப் போனால் அந்தத் தொகை வரும். நீங்கள் ஏற்கும் ஆரம்பப் பங்கைக் கழித்துக்கொள்வார்கள், தேய்மானக் கழிவு கிடையாது.

இதன் பிரீமியம் சாதாரண ஃபுல் கவரைவிடப் பல நேரம் குறைவாகவே வரும் என்பதுதான் புதிதாகக் கேட்பவர்களுக்கு ஆச்சரியம். கூடுதல் பாதுகாப்பு எப்படி மலிவாக வரும்? நிபந்தனைகளால் வருகிறது. வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. இரவில் பூட்டிய ஷெட்டுக்குள் நிற்க வேண்டும். அன்றாடம் வேலைக்குப் போக வேறு வண்டி இருக்க வேண்டும். ஓட்டுபவர் குறிப்பிட்ட வயதைத் தாண்டியிருக்க வேண்டும். மழைநாள் காலையில் அலுவலகத்துக்கு விரையும் வண்டிகளைக் கூட்டத்திலிருந்து பிரித்து வெளியே நிறுத்திவிட்டால், மீதி வண்டிகளில் விபத்து தானாகக் குறையும். அந்தச் சேமிப்பில் ஒரு பங்குதான் உங்களுக்கு வருகிறது. நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘வேலைக்குப் போக அல்ல’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அலுவலக வாசலிலிருந்து வண்டி திருடு போனது என்று கிளெய்ம் எழுதினால் நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

இந்தியாவில் இந்த இரண்டுக்கும் இடையே விசித்திரமான ஒரு நிலை. வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐடிவி, முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதக் கழிவில் தொடங்கி ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதக் கழிவு வரை அட்டவணைப்படி இறங்கும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிகளுக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும் அந்த அட்டவணை பொருந்தாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்ய வேண்டியது என்று பாலிசி வாசகமே சொல்கிறது. காகிதத்தில் பார்த்தால் இதுவும் ஒப்புக்கொண்ட மதிப்புதான்! நடப்பில், இணையதளம் ஒரு எண்ணைக் காட்டும், நாம் பணம் கட்டிவிட்டு வெளியே வருவோம். பேசலாம் என்று ஒரு வரி இருப்பதே பலருக்குத் தெரியாது. கிளைக்கு நேரில் போய், வண்டியை மதிப்பிடும் சர்வேயரிடம் காட்டி, இந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்பதில் தவறே இல்லை.

அமெரிக்காவில் விற்கும் இன்னொரு வகையிடம் எச்சரிக்கையாக இருங்கள். பெயரில் ஒப்புக்கொண்ட மதிப்பைப் போலவே ஒலிக்கும் ‘ஸ்டேட்டட் வேல்யூ’. நீங்கள் ஒரு மதிப்பைச் சொல்கிறீர்கள், அதற்கேற்ற பிரீமியம் கட்டுகிறீர்கள். கிளெய்ம் வரும்போது நீங்கள் சொன்ன தொகை, அன்றைய சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைத் தர நிறுவனத்துக்கு வழி வைத்திருப்பார்கள். உங்கள் தொகை அங்கே உச்சவரம்பு மட்டுமே. எனவே எந்த நாட்டில் எந்தப் பெயரில் விற்றாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “வண்டி முழுசாப் போனா, பாலிசியில எழுதின இந்தத் தொகை அப்படியே வருமா?” பதில் எழுத்தில் வரவேண்டும். தொலைபேசியில் “வரும் சார்” என்பது பதிலாகாது.

ஒப்புக்கொண்ட மதிப்பிலும் ஓட்டைகள் உண்டு. சின்ன விபத்தில் அது பெரிதாக உதவாது. ஹெட்லைட்டும் சைலன்சரும் நொறுங்கினால் பேச்சு பழுதுச் செலவைப் பற்றியது, வண்டியின் மதிப்பைப் பற்றியது அல்ல. அங்கே பாலிசியின் உதிரிபாகக் கழிவு எப்படி என்று பார்க்க வேண்டும். இந்தியாவின் வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதக் கழிவு. பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கும் அதே 50. பழைய பைக்கில் உலோகம் தவிர வேறு என்ன இருக்கிறது? பில்லில் பாதி உங்கள் தலையில். போதாக்குறைக்கு, அசல் பாகம் கிடைக்காமல் நகல் பாகம் போட்டால் வண்டியின் மதிப்பு இறங்கும். அந்த இறக்கத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. நார்ட்டன் கமாண்டோ வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். தயாரிப்பு 1970-களிலேயே நின்றும் புதிய பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

அப்புறம், மதிப்பை எழுதியதோடு மறந்துவிடக்கூடாது. சந்தை ஏறிய பிறகும் பழைய தொகையிலேயே புதுப்பித்துக்கொண்டு போனால், வித்தியாசம் உங்கள் நஷ்டம்.

டோட்டல் லாஸ் என்ற பொறி

மதிப்பு குறைவாக எழுதியிருந்தால் கிளெய்ம் பணம் குறையும் என்பதோடு விஷயம் முடிவதில்லை. வண்டியே கையைவிட்டுப் போகலாம். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் ஒரு பங்கைத் தாண்டினால், இந்தியாவில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி முழுதாகப் போனதாகக் கணக்கு. மதிப்பு அடிமட்டத்தில் இருந்தால், வளைந்த ஃபோர்க்கும் நசுங்கிய டேங்கும் போதும் அந்தக் கோட்டைத் தாண்ட. நிறுவனம் சொற்பத் தொகையைத் தந்துவிட்டு, அசல் இன்ஜினோடு வண்டியை எடுத்துக்கொண்டு போகும். அந்த இன்ஜினின் அருமை தெரிந்தவர் யாராவது ஏலத்தில் அதை எடுப்பார்.

சிதைந்த வண்டியை உரிமையாளரே திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாசிக் வண்டிகளுக்கென்றே வரும் பாலிசிகளில் இது பெரும்பாலும் இருக்கும், சாதாரணமானவற்றில் கெஞ்ச வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், பிரீமியத்தில் கொஞ்சம் கூடினாலும் இந்த ஒரு வரிக்காகவே பாலிசியை மாற்றலாம். பிரிட்டனில் இப்படித் திரும்ப வரும் வண்டிக்கு 2017 முதல் ‘எஸ்’ அல்லது ‘என்’ என்ற வகைக்குறி விழுகிறது. சட்டகம் அடிபட்டால் எஸ், மற்றபடி என். குறி வண்டியின் பதிவில் நின்றுவிடும், விற்கும்போது விலையைத் தின்னும். ஆனாலும் வண்டி உங்களுடையது.

மாற்றங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பாயின்ட் இக்னிஷனுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், 6 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட், முன்னால் டிஸ்க் பிரேக். எல்லாமே வண்டியைப் பத்திரமாக்குபவை. சாதாரண நிறுவனத்தின் கண்ணில் இவை வேகத்துக்காகச் செய்த மாற்றத்தோடு ஒரே பட்டியலில் சேரும். பிரீமியம் ஏறும், அல்லது விண்ணப்பம் திரும்பி வரும். பழைய வண்டிகளையே பார்ப்பவர்கள் இதில் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கே போனாலும் மறைக்க வேண்டாம். சொல்லாமல் விட்ட ஒரு மாற்றம் போதும், கிளெய்மை மறுக்க.

நடுவில் நிற்பவை

தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டு சேர்ந்த வகை பிரிட்டனில் சர்வ சாதாரணம். ஓட்டத் தெரிந்த கையில் இருக்கும் பழைய பைக்கிற்கு விழுவதைவிடத் திருடு போவதுதான் பெரிய பயம். இரண்டு பேர் சேர்ந்தால் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடலாம். அதனால் இது நல்ல சமரசம். திருட்டுக்கான தொகையும் சந்தை மதிப்பில்தான் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிரித்துப்போட்டு மறுசீரமைப்பு நடக்கும் வண்டிக்கு ஓட்டாத நிலைக்கான கவர் போதும். தீ, திருட்டு, அவ்வளவுதான். பெட்ரோல் போட முனை வரை ஓட்டினாலும் அது இன்சூரன்ஸ் இல்லாத பயணம். பிரிட்டனில் வண்டி சாலையில் இல்லை என்று முறைப்படி அறிவித்தும் ஆகவேண்டும். 2011-இல் வந்த தொடர் காப்பீட்டு விதிப்படி, அறிவிப்பும் இல்லை பாலிசியும் இல்லை என்றால் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் அபராதம். பெட்டிகளில் கிடக்கும் உதிரிபாகங்கள் இந்தக் கவருக்குள் வருமா என்று தனியாகக் கேளுங்கள்.

நாலைந்து வண்டி உள்ளவருக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாலிசி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே ஓட்ட முடியும், ஆகவே தள்ளுபடி நியாயமானது. ஒன்றில் கிளெய்ம் எடுத்தால் புதுப்பிக்கும்போது மொத்தத்துக்கும் விலை ஏறலாம். பெரிய சேகரிப்பாளர்களுக்கு இது சரி, இரண்டே வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதிலும் அடங்காதவர்

ஷெட் இருக்கிறது, அலுவலகத்துக்குப் போக வேறு வண்டி இருக்கிறது, வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிறார் என்றால் ஒப்புக்கொண்ட மதிப்பு பாலிசியை யோசிக்காமல் எடுக்கலாம். அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. தீராதது பழைய வண்டியையே ஒரே வண்டியாக வைத்துத் தினமும் ஓட்டும் இளைஞருக்கு. கிளாசிக் பாலிசி விற்பவர்கள் வயதைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள். சாதாரண நிறுவனத்துக்கோ வண்டியின் வயது பிடிக்காது. தெருவில் நிறுத்துகிறார் என்றால் இன்னும் மோசம். இத்தனைக்கும் இந்த வண்டிகளைக் கண்காட்சிப் பொருளாக விடாமல் சாலையில் உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான்.

அவருக்கு என் கணக்கு இது: தேர்ட் பார்ட்டி, கிடைத்தால் தீயும் திருட்டும். ஃபுல் கவருக்குக் கேட்கும் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வைத்து, முதலில் தடிமனான சங்கிலியும் தரையில் பதிக்கும் கொக்கியும், பிறகு அசல் பாகங்கள் கண்ணில் படும்போதெல்லாம் அவையும். இணையதளத்தில் விலை பார்த்து அலுத்துவிட்டால், பழைய வண்டிகளுக்கு பாலிசி பிடித்துத் தரும் முகவரிடம் நேரடியாகப் பேசலாம். கிளப் உறுப்பினர் என்றால் சிலர் வயது நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். கிலோமீட்டரை மட்டும் குறைத்துச் சொல்ல வேண்டாம், ஓடோமீட்டரைச் சர்வேயர் பார்ப்பார்.