தகடு மடிக்க எது நல்லது: கீல் பெண்டரா, ஜாக் பிரஸ்ஸா, கடை மெஷினா?

2023-ல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது டர்பனில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வந்து சேர்ந்தன. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டிலும்தான். பேட்டரிக்கு ஒரு தகரப் பெட்டி வேண்டும், காற்றுத் துளையும் மூடியும் வைத்து, 1.2 மில்லிமீட்டர் கனத்தில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில். கோயம்புத்தூரில் இருந்திருந்தால் தெருமுனைப் பட்டறையில் கொடுத்துவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் வாங்கி வந்திருப்பேன். இங்கே ஜேக்கப்ஸ் பக்கம் பெரிய பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு பெட்டி என்றால் அவர்களுக்கு அது வேலையே இல்லை. வரைபடம் கேட்பார்கள், குறைந்தபட்சக் கூலி சொல்வார்கள், அடுத்த வாரம் வா என்பார்கள்.

அந்த ஒரு பெட்டிக்காக ஆரம்பித்து, வீட்டில் தகடு மடிக்கக்கூடிய வழிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சிலவற்றை நானே செய்தேன், சிலவற்றை நண்பர்களின் கராஜில் இயக்கிப் பார்த்தேன்.

முதலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். இரண்டு ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) துண்டுகளுக்கு நடுவே தகட்டை வைத்து, வைஸில் இறுக்கி, மரச்சுத்தியால் தட்டுவது. 200 மில்லி அகலம் வரை இது போதும். வைஸ் வாயைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சி-கிளாம்ப் போட வேண்டும். அப்போதும் நடுவில் தட்டும்போது ஓரம் எழும், ஓரத்தில் தட்டினால் நடு எழும். கடைசியில் மடிப்புக் கோடு அலை அலையாக வரும். வெறும் சுத்தியலால் நேராக அடித்தால் அந்த இடத்துத் தகடு நீண்டுவிடும். நீண்டதைத் திரும்பச் சுருக்க வீட்டில் எளிதான வழி கிடையாது. அடித்தே தீர வேண்டுமென்றால் மேலே ஒரு கட்டைத் துண்டை வைத்து அதன்மேல் அடியுங்கள். இரண்டு மூன்று பிராக்கெட்டுக்கு இது சரி. பெட்டிக்கு ஆகாது.

அடுத்தது கீல் வைத்த பெண்டர். நான் அதிக நாள் செலவழித்ததும் அதிகம் கற்றதும் இதில்தான். அமைப்பு எளிது. ஒரு ஆங்கிள் படுக்கையாக மேசையில் நிற்கும். இன்னொரு ஆங்கிள் கீலில் தொங்கி மேலே எழும். மூன்றாவது ஒன்று தகட்டை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும், அதுதான் அமுக்கும் கம்பி. மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். 50க்கு 50, 5 மில்லி கனமுள்ள ஆங்கிள் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. என் மனைவியின் மாமா பாய்லர்மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பக்கியில்தான் கொண்டுவந்தோம். (பக்கி என்றால் இங்கே சின்ன பிக்கப் வண்டி. ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டார்.)

முதல் பெண்டரில் நான் செய்த தப்பு கீலில். கேட்டுக்குப் போடும் 16 மில்லி உருளைக் கீலை இரண்டு ஆங்கிளுக்கும் கீழே ஒட்டவைத்து வெல்டு அடித்தேன். திறந்து மூடியபோது அழகாக ஆடியது. தகட்டை வைத்து மடித்தால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மாமா வந்து பார்த்துவிட்டு, "கீலோட ஊசி எங்கே இருக்கு பாரு மாப்பிள்ளை" என்றார். ஊசியின் மையம் ஆங்கிளின் மேல்தளத்துக்கு 8 மில்லி கீழே இருந்தது. அப்படியானால் மடக்கும் ஆங்கிள் 90 டிகிரி எழும்போது அதன் முகம் 8 மில்லி உள்ளே ஏறும். அமுக்கும் கம்பியை அவ்வளவு பின்னால் தள்ளினால்தான் முட்டாது. தள்ளினால் மடிப்பு கூர்மையாக வராது, குழாய் மாதிரி உருண்டு வரும்.

ஊசியின் மையம் இரண்டு ஆங்கிளின் மேல்விளிம்பும் சந்திக்கும் கோட்டிலேயே இருக்க வேண்டும். அதற்கு ஆங்கிளின் இரண்டு முனையிலும் மூலையைச் சின்னதாக வெட்டியெடுத்து, கீல் உருளையை அந்தப் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். உருளையின் பாதி மேல்தளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆகவே தகடு இரண்டு கீலுக்கும் நடுவில்தான் நுழையும். 750 மில்லி ஆங்கிளில் எனக்கு 640 மில்லிதான் மிஞ்சியது. வெல்டு அடிக்கும்போது இரண்டு உருளைக்குள்ளும் ஒரே நீளக் கம்பியைச் செருகி வைத்து, இந்த முனையில் ஒரு பொட்டு, அந்த முனையில் ஒரு பொட்டு என்று மாறி மாறி அடியுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் சூட்டில் ஆங்கிள் வில்லாக வளையும். எனக்கு வளைந்தது.

நீளம் விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். இங்கே முழுத் தகடு 2450க்கு 1225 மில்லி. அதைப் பார்த்ததும் 1250-க்கே செய்துவிடலாமே என்று ஆசை வரும். செய்யாதீர்கள். மடிப்பதற்குத் தேவையான பலம் ஒன்றும் பெரிதில்லை. 1 மில்லி தகட்டை 600 மில்லி அகலத்துக்கு மடக்க, அரை மீட்டர் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ தள்ளினால் போதும். 2 மில்லி என்றால் அது நான்கு மடங்கு, ஏனென்றால் கனத்தின் வர்க்கமாக ஏறும். அப்போதும் ஒரு ஆள் தள்ளிவிடலாம். சிக்கல் அமுக்கும் கம்பியில் இருக்கிறது. அதை இரண்டு முனையில் மட்டும் போல்ட் போட்டு இறுக்குகிறோம். தகடு நடுவில் அதைத் தூக்கும். ஒவ்வொரு மில்லி நீளத்திலும் தகடு ஒரே அளவாகத் தூக்குவதால், நீளம் இரட்டித்தால் நடுவில் எழும் உயரம் 16 மடங்காகும். நான் தோராயமாகக் கணக்குப் போட்டேன். 50க்கு 50 ஆங்கிளை அமுக்கும் கம்பியாக வைத்து 1 மில்லி தகட்டை மடித்தால், 600 நீளத்தில் நடு எழுவது கால் மில்லி. 1200 நீளத்தில் கிட்டத்தட்ட 4 மில்லி. முனைகளில் 90 டிகிரி வந்திருக்கும், நடுவில் வயிறு தள்ளியிருக்கும்.

நீளமாகத்தான் வேண்டும் என்றால் அமுக்கும் கம்பியின் முதுகில் ஒரு பட்டைக் கம்பியை நிமிர்த்தி வைத்து வெல்டு அடியுங்கள். உயரம் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்கு. இதையே படுத்துவாக்கில் ஒட்டினால் கனம் கூடும், பலன் வராது. மாமாவின் வழி இன்னொன்று: அமுக்கும் கம்பியை வேண்டுமென்றே நடுவில் ஒரு மில்லி கீழ்நோக்கி வளைத்து வைப்பது. முனை போல்ட்டை இறுக்கும்போது நடு முதலில் தகட்டைத் தொடும், பிறகு முனை. எந்தக் கணக்கும் போடாமல் கண்ணால் பார்த்தே அந்த ஒரு மில்லியைக் கொண்டுவந்தார்.

அமுக்கும் கம்பியின் மூக்கை 45 டிகிரிக்குச் சரிவாகத் தேயுங்கள். அப்போது 90-ஐத் தாண்டி 135 வரை மடிக்கலாம். 135 வரை மடித்த ஓரத்தை அப்புறம் மரச்சுத்தியால் தட்டிப் படுக்க வைத்தால் கையைக் கிழிக்காத விளிம்பு கிடைக்கும். மூக்கு, மடிப்புக் கோட்டிலிருந்து தகட்டின் கனம் அளவுக்குப் பின்னால் இருக்கட்டும். 1.2 தகட்டுக்கு 1.2 மில்லி.

பெட்டி செய்யும்போது கீல் பெண்டரின் குறை தெரியும். இரண்டு பக்கம் மடிக்கலாம். மூன்றாவதுக்கு வந்ததும் ஏற்கெனவே எழுந்து நிற்கும் பக்கங்கள் அமுக்கும் கம்பியில் இடிக்கும். கடையில் விற்கும் நல்ல மெஷினில் அந்தக் கம்பி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். நான் அதற்குப் பதில் 25, 50, 100, 150, 200 மில்லி என்று துண்டுகள் அறுத்து, மேலே ஒரு கனமான கம்பியில் போல்ட் போட்டு மாட்டிக்கொண்டேன். வேண்டிய அகலத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும். வேலை செய்யும்.

ஜாக் பிரஸ் வேறு ஜாதி. லாரி தூக்கும் 20 டன் பாட்டில் ஜாக்கை ஒரு சட்டத்தில் வைத்து, கீழே வி வடிவப் பள்ளம், மேலே கூரான பட்டை. கனத் தகடு என்றால் இதுதான். 3 மில்லி இரும்பை 24 மில்லி வாயுள்ள பள்ளத்தில் மடக்க, ஒரு மீட்டருக்குச் சுமார் 22 டன் வேண்டும். ஆக 600 மில்லிக்கு 13, 14 டன். ஜாக் தாங்கும். கீல் பெண்டரில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் இணையத்தில் படம் பார்த்துவிட்டு 50 மில்லி ஆங்கிளையே மல்லாத்தி வைத்துப் பள்ளம் என்கிறார்களே, அது மெல்லிய தகட்டுக்கு உதவாது. பள்ளத்தின் வாய் எவ்வளவோ, அதில் ஆறில் ஒரு பங்கு மடிப்பின் உள்வளைவாக வரும். 60 மில்லி வாய் என்றால் 10 மில்லி வளைவு. பெட்டி மூலை அல்ல, கரண்டிக் காம்பு. இன்னொன்று, மடிபடும் ஓரம் வாயில் முக்கால் பங்காவது இருந்தால்தான் பள்ளத்துக்குள் சறுக்கி விழாது. அந்த வாயில் 45 மில்லிக்குக் குறைந்த ஓரம் மடியாது. கனத்தைப்போல் 8 மடங்கு வாய் என்பதுதான் வழக்கம். 1.2-க்குப் பத்து மில்லி. அவ்வளவு சின்னப் பள்ளத்தைக் கிரைண்டரால் நேராக எடுப்பது பெரும்பாடு, மில்லிங் மெஷின் உள்ளவரிடம் போக வேண்டும். ஜாக் நடுவில் ஒரே இடத்தில் அழுத்துவதால் இங்கேயும் நடுவும் முனையும் ஒத்துவராது, ஆனால் தலைகீழாக: நடு அதிகம் மடியும், முனை குறைவாக மடியும். ஒவ்வொரு மடிப்புக்கும் பம்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 20 டன்னுக்கு நடுவே சரியாக உட்காராத இரும்புத் துண்டு தெறித்தால் என்ன ஆகும் என்பதை மாமா தன் இடது கைச் சுண்டுவிரலைக் காட்டி விளக்குவார்.

கடையில் விற்கும் மூன்று-வேலை மெஷின், அதாவது வெட்டும், மடிக்கும், உருட்டும் மெஷின், ஒரு நண்பரிடம் இருக்கிறது. 600 மில்லிச் சொச்சம் அகலம், முழு அகலத்துக்கு 1 மில்லி இரும்புதான் எல்லை. வெட்டுவதற்காக மட்டும் வாங்கலாம் என்பேன். மடிப்பது சுமார். என் 1.2 பெட்டியை அதில் முழு அகலத்துக்கு மடித்துப் பார்க்க அவர் விடவில்லை. நியாயம்தான். வைஸின் தாடையில் காந்தத்தால் ஒட்டும் சின்ன மடிப்பான் இன்னொன்று. விலை குறைவு, 100, 150 மில்லி பிராக்கெட்டுக்கு அருமை. எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதை வாங்குங்கள்.

பட்டறையில் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலை இங்கே கட்டர் என்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் அதைப் பற்றி யாரும் அலட்சியமாக இருப்பதில்லை. அந்த நீளத்தை வீட்டில் மடிக்கப் பார்ப்பது வீண். பெரிய பட்டறையில் 3 மீட்டர் பிரஸ் இருக்கும், ஒரே அழுத்தில் முடியும். நான் ஒருமுறை கொடுத்தபோது அளவெல்லாம் உள்ளளவு என்று மனதில் வைத்துக்கொண்டு எழுதாமல் விட்டேன். அவர்கள் வெளியளவாக எடுத்து மடித்துவிட்டார்கள். தப்பு என்னுடையது, பணமும் என்னுடையது.

அளவு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், எந்த வழியில் மடித்தாலும் வேண்டும். 1.2 தகட்டில் ஒவ்வொரு 90 டிகிரி மடிப்புக்கும் வெளியளவுக் கூட்டலிலிருந்து சுமார் 2 மில்லி கழிக்க வேண்டும். அடி 300, இரண்டு பக்கமும் 60 என்றால் கூட்டல் 420. வெட்ட வேண்டியது 416. முதலில் ஒரு துண்டுத் தகட்டில் மடித்து அளந்து, உங்கள் பெண்டர் எவ்வளவு தின்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக 1.2 வரை, 600 அகலம் வரை என்றால் சந்தேகமே வேண்டாம், கீல் பெண்டர். 3 மில்லி பிராக்கெட் அடிக்கடி செய்கிறவருக்கு ஜாக் பிரஸ், அதுவும் பள்ளத்தை ஒழுங்காக எடுக்க முடிந்தால் மட்டும். 2 மில்லி இரண்டுங்கெட்டான். நான் அதைக் கீல் பெண்டரில் 300 அகலத்துக்கு மேல் செய்வதில்லை. மீட்டர் கணக்கில் நீளம் வந்தால் பட்டறை. ஒன்று மட்டும்: ஜி.ஐ. தகட்டில் பிராய் தட்டு (இங்கே வெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடும் தட்டு) செய்து நெருப்பில் வைக்காதீர்கள், அதை வெல்டு அடிக்கும் முன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்தெடுக்காமல் தொடங்காதீர்கள். அந்தப் புகை அன்று இரவே குளிர்காய்ச்சலாக வந்து நிற்கும்.

பேட்டரிப் பெட்டி இப்போது தாழ்வாரத்தில் இருக்கிறது. ஒரு மூலை ஒரு மில்லி பிசகு, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முன் கோயில் சமையல்கூடத்துக்குப் பன்னிரண்டு எவர்சில்வர் தட்டு வேண்டும் என்று மாமா கேட்டிருக்கிறார். 0.9 மில்லி. எவர்சில்வர் இரும்பைவிட முரண்டு பிடிக்கும், அதை 1.2 என்றே நினைத்துத் தள்ள வேண்டும். மடித்து விட்டால் கொஞ்சம் திரும்பி எழும். அதனால் பெண்டரின் தடை போல்ட்டை 94 டிகிரிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முதல் தட்டு 91-ல் நின்றது. இனி அரைச் சுற்று பின்னால் திருக வேண்டும்.