ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு வரும் பெரியவர்களில் பலருக்குப் பதில் சொல்ல வரும், கேள்வி கேட்க வராது. "வேர் டூ யூ வொர்க்?" என்று கேட்டால் கடையின் பெயர், தெருவின் பெயர் எல்லாம் சொல்லிவிடுவார்கள். அதையே பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள் என்றால் "யூ ஆர் வொர்க்கிங் வேர்?" என்று வரும். காரணம் எளிது. தமிழில் "வந்தார்" என்பதோடு ஓர் "ஆ" சேர்த்து "வந்தாரா" என்றால் கேள்வி ஆகிவிடும், சொற்களின் வரிசை மாறாது. ஆங்கிலத்தில் டூ, டஸ், டிட் என்று ஒன்று முன்னால் வர வேண்டும், வினைச்சொல் தன் மூல வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். பள்ளியில் பன்னிரண்டு வருடமும் கேள்வி கேட்டவர் ஆசிரியர்தான். மாணவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

அதனால் எந்தப் பயிற்சிப் பொருளை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இது மாணவரைக் கேள்வி கேட்க வைக்கிறதா? அட்டை அழகு, விலை, ஆடியோ எல்லாம் அப்புறம்.

உரையாடல் புத்தகங்களில் இருந்து தொடங்கலாம். வங்கியில், பேருந்து நிலையத்தில், டாக்டரிடம் என்று இருவர் பேசுவதாக எழுதிய பாடங்கள் இவை. நம் ஊர்ப் பதிப்புகள் மலிவு, பக்கத்திலேயே தமிழும் இருக்கும், வகுப்புக்குப் புதிதாக வருபவருக்குத் துணிச்சல் கொடுக்கும். பிரிட்டிஷ் பதிப்பகங்களின் பாடநூல்களில் நிலைவாரியான ஒழுங்கும் நல்ல ஒலிப்பதிவும் உண்டு. ஆனால் விலை அதிகம், பாதிப் பாடங்கள் ஐரோப்பிய விடுமுறைப் பயணத்தைப் பற்றியே இருக்கும். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மாணவர் கேள்வியை வாசிக்கிறார், கேட்பதில்லை. பதில் அடுத்த வரியிலேயே அச்சாகி இருக்கிறது. ஆகவே இவற்றைச் சொற்றொடர்ச் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாம். ஒருவரின் வரிகளைக் காகிதத்தால் மூடிவிட்டு மற்றவரைப் பேசச் சொன்னால் ஓரளவு பயன் கூடும்.

காதால் கேட்டுப் பழகும் நிகழ்ச்சிகள் அடுத்தது. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் நிகழ்ச்சியில் இருவர் ஒரு தலைப்பைப் பேசுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி போட்டு, கடைசியில் விடை சொல்கிறார்கள், எழுத்துவடிவமும் இலவசம். ஆனால் நடுத்தர நிலைக்குக் கீழே இருப்பவருக்கு அது வேகம். அமெரிக்க அரசின் ஒலிபரப்பான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று தொடங்கிய வரிசை, ஏறத்தாழ 1,500 சொற்களை அடிப்படையாக வைத்து, வேகத்தையும் குறைத்து வாசித்தது. தொடக்க நிலைக்கு அதன் பழைய பதிவுகள்தான் பொருத்தம். இரண்டும் காதுக்கு நல்ல உணவு, வாய்க்கு வேலை தருவதில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லலாம், வகுப்பு நேரத்தை இதற்குச் செலவழிக்கக் கூடாது.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாகச் சொல்லித்தராமல், மாணவர்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்து அதை ஆங்கிலத்தில் முடிக்க வைத்தார்கள். உலகம் முழுக்க பெங்களூர் ப்ராஜெக்ட் என்று பேசப்படுவது அதுதான். அந்த வேலைகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது, கையில் உள்ள தகவலில் இருந்து யோசித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது, சொந்தக் கருத்தைச் சொல்வது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான பேச்சுப் பயிற்சிப் பொருள்களை இந்த மூன்றில் ஒன்றில் வைத்துவிடலாம்.

முதல் வகைக்கு ஜோடி அட்டைகள் உதாரணம். ஒரே சந்தைப் படம், இருவரிடமும் சிறு வித்தியாசங்களோடு இருக்கும். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசியே வித்தியாசங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். "இஸ் தேர் எ டாக் அண்டர் த டேபிள்?" என்று கேட்காமல் வேலை நகராது. கேள்வி கேட்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்க்கவில்லை. அச்சிட்ட அட்டைப் பெட்டி வாங்க வேண்டியதில்லை, ஒரு படத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சிலவற்றை அழித்து, சிலவற்றை வரைந்தால் போதும். குறை என்னவென்றால் பதில்கள் குறுகிவிடும். யெஸ், நோ, டூ, ரெட் என்று முடிந்துவிடும்.

இங்கே பிரபுவின் இரண்டாம் வகை கைகொடுக்கிறது, அவர் அதிகம் விரும்பியதும் அதைத்தான். அவருடைய வகுப்புகளில் ரயில் கால அட்டவணை ஒரு பாடப்பொருளாக இருந்தது. இன்றும் அது நன்றாக வேலை செய்யும். ஒருவரிடம் சென்னை, மதுரை ரயில்களின் அட்டவணை. மற்றவரிடம் ஒரு துண்டுச் சீட்டு: நாளை காலை மதுரையில் நேர்முகத் தேர்வு, கூட வயதான அம்மா, இன்று மாலை வரை வேலை. பகலில் ஓடும் வைகை சரிவருமா, இரவில் ஓடும் பாண்டியனா, லோயர் பெர்த் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பேசிப் பேசித்தான் முடிவுக்கு வர முடியும். "பிகாஸ்", "பட் இஃப்" எல்லாம் தேவையின் பேரில் வாய்க்கு வரும். மருத்துவமனை டோக்கன் பட்டியல், பேருந்துக் கட்டணம், கல்யாண மண்டப வாடகை விவரம் என்று நம் ஊரிலேயே இதற்கான பொருள் கொட்டிக்கிடக்கிறது. தயாரிக்க நேரம் பிடிக்கும், அது உண்மைதான். இருவர் தனியாகப் பேசினால் ஒருவரின் பிழை மற்றவரிடம் ஒட்டிக்கொள்ளும் என்ற கவலை பிரபுவுக்கு இருந்தது. அதனால் அவர் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து பேசுவதையே முன்வைத்தார். பெரியவர்களிடம் அந்தக் கவலையைவிடப் பேசாமலே இருப்பது பெரிய ஆபத்து என்பது என் கருத்து. முதலில் எல்லோரோடும் ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, அப்புறம் ஜோடியாக விடுவது நடுவழி.

மூன்றாம் வகை, கேள்விப் பட்டியல்கள். "மொபைல் போன் நல்லதா கெட்டதா?" மாதிரியான நூறு கேள்விகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், தயாரிப்பும் வேண்டாம். அதனால்தான் இவை அதிகம் புழங்குகின்றன. ஆனால் கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. நன்றாகப் பேசும் இருவர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வெளிநாடு போக எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் தலைப்பு அட்டையும் இந்தக் குடும்பம்தான். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். அந்தத் தேர்வு எழுதுபவருக்கு அது அவசியம், அரட்டைக்குப் பயிற்சி ஆகாது.

வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு நான் வேறொன்றைச் சொல்வேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் ரோல்பிளே அட்டைகள். அங்கே தேர்வு எழுதுபவர் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளி. வலி எங்கே, எப்போதிருந்து, என்ன மாத்திரை என்று கேட்பது நர்ஸின் பொறுப்பு. அந்தத் தேர்வு எழுதாத நர்ஸ்கூட இதை வைத்துப் பழகலாம்.

இப்போது எல்லோரும் கேட்பது போனில் பேசும் ஏஐ செயலிகளைப் பற்றி. அது சிரிக்காது, சலிக்காது, இரவு பதினொரு மணிக்கும் பேசும். கூச்சம்தான் நம் மாணவர்களின் பெரிய தடை என்பதால் இதைச் சிறிய விஷயமாக நான் எண்ணவில்லை. ஆனால் அப்படியே விட்டால் கேள்வியெல்லாம் அதுவே கேட்கும், அரைகுறை வாக்கியத்தையும் புரிந்துகொண்டு மேலே போய்விடும். முதலிலேயே கட்டளை போட வேண்டும்: "நீ வீட்டு உரிமையாளர், நான் வாடகைக்கு வீடு தேடுகிறேன். நான் கேட்டால் மட்டும் பதில் சொல், நீ கேள்வி கேட்காதே. என் கேள்வி தவறாக இருந்தால் புரியவில்லை என்று சொல்." இதைத் தமிழிலேயே சொல்லலாம். அதன்பின் மாணவர் அட்வான்ஸ், தண்ணீர், பார்க்கிங் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பக்கத்தில் ஜோடி கிடைக்காத நாளில் இது நல்ல மாற்று.

செலவழிக்கப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் புத்தகத்தில் போடாதீர்கள். நகல் எடுக்கும் செலவுக்கும், அட்டைகளைப் பாதுகாக்க லேமினேஷனுக்கும் ஒதுக்குங்கள். ஒருமுறை செய்த அட்டவணை அட்டை அடுத்தடுத்த பேட்ச்களுக்கும் உதவும், ரயில் நேரம் மாறினால் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும்.