பித்தளைத் தூபக்கால்: 7 வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

2018 ஆடி மாதம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயில் பக்கத்துப் பாத்திரக் கடையில் இந்தத் தூபக்காலை வாங்கினேன். உள்ளங்கை அகலக் கிண்ணம், அடியில் மூன்று கால், ஒரு சாண் நீளத்துக்கு மரக் கைப்பிடி, கிண்ணத்தைச் சுற்றிக் காற்றுத் துளைகள். 900 ரூபாய் கொடுத்தேன். செவ்வாயும் வெள்ளியும் சாம்பிராணி கட்டாயம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கொசுவும் ஈரவாடையும் சேர்ந்துகொள்ளும்போது தினமும் எடுப்பேன்.

முதல் ஒரு வருடம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கொட்டாங்குச்சியைப் பற்றவைத்து, கங்கு சிவந்ததும் சாம்பிராணித் தூளை அதன் மேலேயே அள்ளிப் போட்டேன். குபீரென்று புகை கிளம்பும், கூடம் முழுவதும் மறைந்துவிடும், இரண்டு நிமிடத்தில் அடங்கியும் விடும். அப்புறம் மறுபடி ஒரு சிட்டிகை. என் மாமியாருக்கு இளைப்பு உண்டு. தூபக்காலை எடுத்தாலே திண்ணைக்குப் போய்விடுவார். ஒரு வெள்ளிக்கிழமை அங்கிருந்தே, "வாசனை நல்லாத்தாம்மா இருக்கு, புகைதான் நெஞ்சை அடைக்குது" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் வாசனையையும் புகையையும் பிரிக்க முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

முடியும். சாம்பிராணி என்பது ஸ்டைராக்ஸ் மரத்தைக் கீறி எடுக்கும் பிசின். சுமத்ரா பக்கத்துக் காடுகளில் விளைவது. அது இளகிக் கொப்புளித்தாலே வாசனை பிரிந்து மேலே வந்துவிடும், எரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கங்கு நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது என்றாலே அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறது. அதன் மேல் விழும் பிசின் இளகக்கூட நேரமில்லாமல் கருகிப்போகிறது. நெஞ்சை அடைப்பது அந்தக் கருகல்தான்.

இப்போது நான் செய்வது இப்படி. கங்கு நன்றாகப் பிடித்து மேலே சாம்பல் பூக்கும்வரை முற்றத்தில் வைத்துக் காத்திருப்பேன், பத்து நிமிடமாவது ஆகும். பிறகு சலித்த சாம்பலை அரை விரற்கடை கனத்துக்குக் கங்கின் மேல் போர்த்தி, நடுவில் ஈர்க்குச்சியால் ஒரு துளை போடுவேன். அதன் மேல் சின்ன மைக்கா தகடு. இஸ்திரிப் பெட்டிக்கு உள்ளே வைப்பார்களே, அதே தகடுதான். மின்சாமான் கடைகளில் கிடைக்கும், கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். அதில் பட்டாணி அளவு சாம்பிராணிக் கட்டி வைத்தால் போதும். மெல்ல உருகி, நூல் போல வெள்ளை ஆவி எழும். அரை மணி நேரம் நிற்கும். ஆவி சாம்பல் நிறமாக மாறினாலோ மூக்கில் காரம் ஏறினாலோ சூடு அதிகம் என்று பொருள், இன்னும் ஒரு கரண்டி சாம்பல் போடுவேன். ஜப்பானில் வாசனைக் கட்டைகளை இப்படித்தான் சாம்பலுக்கும் மைக்காவுக்கும் மேலே வைத்துச் சூடேற்றுகிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த முறையில் உண்மையிலேயே மாறிப்போனது வெட்டிவேர். மாமியாரின் பிறந்த ஊர் நொச்சிக்காட்டுப் பக்கம். அந்தக் கடலோர மணலில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள், வருடா வருடம் ஒரு கட்டு வீட்டுக்கு வந்துவிடும். கங்கில் போட்டால் வைக்கோல் எரிந்த நாற்றம்தான் வரும். பொடியாக நறுக்கி மைக்கா மேல் வைத்தால், முதல் மழை விழுந்த மண்ணும் ஈர வேரும் கலந்த வாசனை. மாமியார் இப்போது திண்ணைக்குப் போவதில்லை, ஆனால் ஜன்னல் பக்கமாகத்தான் உட்காருவார். அதுவே சரி. காய்ந்த நொச்சி, வேப்பிலை மட்டும் விதிவிலக்கு: கொசுவுக்கு அவை புகைந்தால்தான் பயன், அதனால் அவற்றை வாசலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கரி விஷயத்தில் என் கருத்து கறாரானது. சீக்கிரம் பற்றுவதற்காக வெடியுப்பு சேர்த்த வட்டக் கரிகள் வேண்டாம், அந்த வாடை கடைசிவரை போகாது. கம்ப்யூட்டர் சாம்பிராணி அவசரத்துக்குச் சரி, ஆனால் அதில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. எந்தக் கரியானாலும் கதவைச் சாத்திய அறையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. புகையே இல்லாவிட்டாலும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு வாசனையும் கிடையாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தையின் அறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

பராமரிப்பில் பெரிய எதிரி பிசின். உருகி வழிந்தது ஆறிவிட்டால் கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், துளைகளையும் அடைத்துவிடும். துளை அடைந்தால் காற்று கிடைக்காமல் கங்கு பாதியில் அணையும். கிண்ணம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாம்பலைக் கொட்டிவிட்டு, மூங்கில் சிம்பால் சுரண்டினால் எளிதாக வந்துவிடும். கம்பி நார் போட்டால் கீறல் விழும், அடுத்த முறை பிசின் அந்தக் கீறலில்தான் போய்ப் பிடிக்கும்.

தேவனாம்பட்டினம் கடற்காற்று எங்கள் வீட்டுவரை வரும். துடைக்காமல் பத்து நாள் விட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. மாதம் ஒருமுறை புளி தேய்த்துக் கழுவி, உடனே துணியால் ஈரம் ஒற்றி வைக்கிறேன். ஒருமுறை புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் அங்கங்கே ரோஜா நிறத் திட்டுகள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, தாமிரம் மட்டும் மேலே நின்றுவிட்டது. அந்தத் திட்டு இன்றும் தெரிகிறது, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இன்னொன்று புரிந்தது. அந்த வாரம் சாம்பிராணிக்கு ஒன்றும் ஆகவில்லை, திறந்து வைத்திருந்த சாம்பல்தான் ஈரம் குடித்துவிட்டது. ஈரச் சாம்பலைப் போர்த்தியதும் கங்கு சுருண்டு அணைந்தது. அன்றிலிருந்து சாம்பலுக்கென்று மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் வாணலியில் ஒருமுறை வறுத்துக்கொள்வேன்.

கைப்பிடி மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. கடையில் வந்த மரம் உள்ளுக்குள் கருகி, மூன்றாவது வருடமே ஆட ஆரம்பித்தது. இரண்டாவது கைப்பிடியின் இரும்பு ஆணி துருப்பிடித்து உடைந்தது. இப்போது இருப்பது தெருவில் வேலை பார்க்கும் ஆசாரி வேம்பில் கடைந்து, பித்தளை ஆணி வைத்துக் கொடுத்தது. இரண்டு வருடமாக அசையவில்லை. வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், எந்த ஆணி என்று கேளுங்கள்.