1942 ஏப்ரல் 9: மட்டக்களப்புக் கடற்போரை ஆராய்பவர் எந்த மூலத்தை முதலில் நாடுவது?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள், அன்று முற்பகலிலேயே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸையும் அதனுடன் வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரையும் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் 307 பேர் உயிரிழந்தனர் என்பதே பெரும்பாலும் எடுத்தாளப்படும் கணக்கு. கப்பல் இன்றும் நம் கடலில் ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. ஆனால் அதைப் பற்றி எழுத விரும்பும் மாணவர் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்தபடி எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கு ஒரே விடை இல்லை. கப்பல் எப்படி மூழ்கியது என்று கேட்பவருக்கு ஏற்ற மூலம் ஒன்று, அந்த நாட்களில் இந்தக் கரை என்ன பட்டது என்று கேட்பவருக்கு ஏற்ற மூலம் வேறு.

அருகிலுள்ள நூலகங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்புப் பொது நூலகம், வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக நூலகம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகம் ஆகிய மூன்றும் பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் உள்ளவை. நூல்களைப் பொருள் வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பில் இரண்டாம் உலகப் போரின் படை நடவடிக்கைகள் 940.54 என்ற எண்ணிலும் இலங்கை வரலாறு 954.93 என்ற எண்ணிலும் வருகின்றன. இந்த இரண்டு தட்டுகளையும் பார்த்தபின் உசாத்துணைப் பகுதிக்குப் போக வேண்டும். பொதுவான போர் வரலாற்று நூல்களில் இந்தச் சம்பவம் ஒன்றிரண்டு பந்திகளுக்கு மேல் நீளுவதில்லை என்பதால், போர் விபரத்துக்காக மட்டும் செல்பவர் ஏமாற்றத்துடன் திரும்ப நேரிடும். எனினும் பிரதேச மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், கோயில் மற்றும் தேவாலய நினைவு மலர்கள் போன்றவை வெளிநாட்டு இணையத்தளம் எதிலும் அகப்படாதவை. அவற்றை அறிந்த நூலகர் ஒருவர் அருகிலிருப்பது ஆய்வாளருக்குப் பெரும் பேறு.

அதே வகை வெளியீடுகளை வீட்டிலிருந்தே தேட உதவுவது, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற இலவச எண்ணிமத் திட்டம். பழைய சஞ்சிகைகளும் மலர்களும் பத்திரிகைகளும் அங்கே தரவிறக்கக் கிடைக்கின்றன. தொகுப்பின் பரப்பில் எந்த உள்ளூர் நூலகமும் இதற்கு ஈடாகாது. ஆனால் பக்கங்கள் பெரும்பாலும் படிமங்களாக இருப்பதால், தலைப்பில் இல்லாத சொல்லைத் தேடிப் பயனில்லை. 'உலகப் போர்' என்று மட்டும் தேடாமல் 'உலக யுத்தம்', 'மகாயுத்தம்' என்றும், கப்பலின் பெயரை ஹேர்மிஸ், ஹேர்மஸ், ஹெர்ம்ஸ் என்று பல எழுத்துக்கூட்டல்களிலும் தேட வேண்டும். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியும் 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலையும் இக்கரையோர வீடுகளில் இருந்த கடிதங்களையும் படங்களையும் அள்ளிச் சென்றுவிட்டன என்பதை நினைக்கும்போது, எஞ்சிய ஒவ்வொரு மலரும் எனக்குப் பொக்கிஷமாகவே தெரிகிறது.

போரின் நிகழ்வு ஒழுங்குக்கு வெளிநாட்டு மூலங்களே வழி, அவற்றுள்ளும் ஒன்றுக்கொன்று மிகுந்த வேறுபாடு உண்டு. அவுஸ்திரேலியப் போர் நினைவகம், ஹேர்மன் கில் எழுதிய இரண்டு தொகுதிகள் கொண்ட அதிகாரபூர்வக் கடற்படை வரலாற்றைத் தன் தளத்தில் முழுமையாக இலவசமாகத் தருகிறது. வம்பயர் தங்கள் கப்பல் என்பதால் அவர்கள் அதன் கதையைக் கவனத்துடன் பதிந்துள்ளனர். பிரித்தானிய அதிகாரபூர்வ வரலாறு இந்துமகா சமுத்திரம் முழுவதையும் நோக்குவதால் அதில் மட்டக்களப்பு சிறிய புள்ளியாகிவிடுகிறது. மூன்றாவது தரப்பை நம் மாணவர்கள் தொடாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதே என் பெரிய கவலை. ஜப்பானியப் பாதுகாப்பு முகவரகத்தின் கீழ் எழுதப்பட்ட 102 தொகுதி வரலாற்றில் 26ஆம் தொகுதி வங்காள விரிகுடா நடவடிக்கைகளையும் விபரிக்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை லெய்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2018இல் எவரும் இலவசமாகப் படிக்கக்கூடியவாறு வெளியிட்டது. குண்டு வீசியவர் என்ன கண்டார் என்பதை அறியாமல், குண்டு விழுந்தவர் சொன்னதை மட்டும் வைத்துப் போரை எழுதினால் அது பாதிக் கதையே.

இவ்விரு தரப்பையும் அருகருகே வைக்கும்போது நேரக் கணக்கில் விழிப்பு வேண்டும். ஜப்பானியக் கடற்படை எங்கே சென்றாலும் டோக்கியோ நேரத்தையே எழுதியது; இலங்கையிலோ 1942 ஜனவரியில் கடிகாரம் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டிருந்தது. ஆகவே அந்த ஏப்ரலில் இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரம் வித்தியாசம். நம் கரையில் காலை 10.55 என்று குறிக்கப்படும் நிகழ்வு ஜப்பானியக் குறிப்பில் பிற்பகல் 1.55 ஆக நிற்கும். இதை அறியாதவர் இரண்டு தாக்குதல்கள் நடந்ததாகவே எழுதிவிடக்கூடும்.

பத்திரிகைகளில் போட்டி இன்னும் நெருக்கமானது. அவுஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் அந்நாட்டுப் பழைய பத்திரிகைகளை நாள் வாரியாக, சொல் வாரியாக, கட்டணமின்றித் தேடலாம். 'பட்டிக்கலோவா' என்று மட்டும் தேடாமல் ஆங்கிலத்தில் திருகோணமலை, சிலோன், கப்பல்களின் பெயர்கள் ஆகியவற்றையும் சேர்த்துத் தேடினால் செய்திகள் வந்து குவியும். அவை தணிக்கையைக் கடந்து வந்தவை என்பதையும், அச்சான நாள் நிகழ்ந்த நாள் அல்ல என்பதையும் மறக்கலாகாது. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கிவிட்டன என்பதால் அந்த ஏப்ரலில் தமிழ் வாசகர் என்ன படித்தார் என்பதற்கும் சான்று உண்டு. அதற்கு ட்ரோவ் உதவாது, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கே போக வேண்டும். எளிமையில் ட்ரோவ் வெல்கிறது. நம் கேள்விக்கு நெருங்கியது கொழும்பு.

பிரித்தானிய தேசிய சுவடிகள் காப்பகத்தின் பட்டியலைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். கடற்படைத் தலைமையகத்தின் போர்க்காலக் கோப்புகள் ஏடிஎம் 199 (ADM 199) என்ற வரிசையில் உள்ளன. ஆனால் கோப்புகளில் பெரும்பகுதி எண்ணிமப்படுத்தப்படாததால் பிரதிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். முதுமாணி ஆய்வாளர் அல்லாதவருக்கு இதை நான் சொல்வதில்லை. இறந்தவர்களின் பெயர்களுக்குப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் தளம் போதும்.

ஆய்வேட்டுக்கு மூன்று மாதம் மட்டும் உள்ள மாணவருக்கு நான் கூறுவது இதுவே: முதல் இரு வாரங்களில் கில்லின் நூலையும் ஜப்பானியத் தொகுதியையும் படித்து, மணி வாரியாக ஒரு நிகழ்வு அட்டவணை எழுத வேண்டும். அதன்பின் நூலகம் திட்டத்திலும் உள்ளூர் உசாத்துணைப் பகுதிகளிலும் மலர்களைத் தேட வேண்டும். அந்த நாட்களில் சிறுவராக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார்கள் ஆகையால், ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய குரலைப் பதிவதை எந்த வாரத்துக்கும் ஒத்திப்போடக்கூடாது. கொழும்புப் பயணம் கடைசியில் வர வேண்டும். துறைத் தலைவரின் கடிதத்துடன், ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்புத் தாக்குதலிலிருந்து மாத இறுதிவரை எந்தெந்த இதழ்கள் வேண்டும் என்ற பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு இரவுப் புகையிரதத்தில் ஏறினால், மறுநாள் காலை தேடற்கூடம் திறந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம்.