எண்ணூர் சாம்பல், கல்பாக்கம் கசடு

மின்சாரத்துக்காகச் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் நிலக்கரி எரிகிறது. தெற்கே கல்பாக்கத்தில் யுரேனியம் பிளக்கப்படுகிறது. எது சூழலை அதிகம் கெடுக்கிறது என்றால் பலரும் கல்பாக்கத்தைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கு எண்ணூர்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அங்கே சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்த இடங்களில் அது கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் படிந்துவிட்டது. நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் விரலில் சேற்றுக்குப் பதில் தட்டுப்படுவது இறுகிப்போன சாம்பல்.

1000 மெகாவாட் அனல் நிலையம் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் இந்திய நிலக்கரியைத் தின்னும். அதில் மூன்றிலொரு பங்கு சாம்பல். அதே மின்சாரத்தைக் கல்பாக்க வகை உலைகளில் எடுத்தால் மிஞ்சும், பயன்படுத்தித் தீர்ந்த யுரேனிய எரிபொருள் ஏறக்குறைய 150 டன்தான். அதுவும் நிலையத்தின் வேலிக்குள்ளேயே இருக்கும்.

கணக்கை இங்கேயே முடித்துக்கொள்வதுதான் அணுமின் ஆதரவாளர்களின் வழக்கம். ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் ஒரு டன் தாதுவைத் தோண்டினால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. அப்படியானால் அந்த 150 டன்னுக்குப் பின்னால் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கதிரியக்கக் கசடு. அது பழங்குடிக் கிராமங்களை ஒட்டிய குட்டைகளில் தேங்குகிறது. கல்பாக்கத்துக்கும் ஒரு சாம்பல் குளம் உண்டு. நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கரியமில வாயுவில் போட்டியே இல்லை: ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2014 மதிப்பீட்டில் ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், அணு 12 கிராம். குளிர்விக்கப் பயன்பட்ட வெந்நீரை விட்டுக் கடலைச் சூடாக்குவதில் மட்டும் அணு உலை முந்துகிறது. அனல் நிலைய வெப்பத்தில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே போய்விடுமே.

மிச்சம் இருப்பது விபத்து. 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்பு அறைக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. 2011 சுனாமியில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. உலைகள் நின்ற பிறகும் குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் எரிபொருள் உருகியது, ஊர்கள் காலியாயின. அனல் நிலையம் எரிந்து சாம்பலானாலும் அப்படி ஊரைவிட்டுப் போக வேண்டியிராது.

ஆனாலும் என் ஓட்டு கல்பாக்கத்துக்கே. என்றோ நடக்கக்கூடிய விபத்துக்கு அஞ்சுகிறோம். எண்ணூரில் ஆற்றுக்குள் சாம்பல் ஏற்கெனவே கிடக்கிறது.