வெண்புள்ளிக்கு வீட்டு யூவி விளக்கு: சில வருடப் பாவனைக்குப் பிறகு

என்னிடம் இருப்பது கையில் பிடித்துப் பாவிக்கும் நெரோபேண்ட் யூவிபி விளக்கு, அதாவது புற ஊதா (யூவி) ஒளியில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் தருவது. உள்ளே சின்னக் குழல் பல்பு, முன்பக்கம் சீப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி, பக்கத்தில் டைமர். 311 நானோமீற்றர் அளவில் ஒளி தரும். 1980களில் சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய்க்கும், 1990களின் பிற்பகுதியில் வெண்புள்ளிக்கும் டாக்டர்மார் கொடுக்கத் தொடங்கிய அதே ஒளிதான். கொரோனாக் காலத்தில் திருகோணமலையிலிருந்து வாரத்தில் பலமுறை சிகிச்சைக்குப் போய்வர வழியில்லை. தோல் டாக்டர் எழுதித் தந்தபிறகு இதை வாங்கினேன். எழுத முன்னர் அவர் கேட்டவை இரண்டு: குடும்பத்தில் யாருக்காவது தோல் புற்றுநோய் வந்ததா, எனக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) இருக்கிறதா. லூபஸ் உள்ளவர்களுக்கு இந்த ஒளி ஆகாது.

பலனை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னத்திலும் கழுத்திலும் நன்றாகவே நிறம் வந்தது. மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டுகளாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. அதற்கே மாதக்கணக்கு ஆனது. விரல் நுனிகளில் ஒன்றுமில்லை. புது நிற அணுக்கள் மயிர்க்காலிலிருந்துதான் பெரும்பாலும் வரும், விரல் நுனியில் மயிர் ஏது? டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

லண்டனில் இருக்கும் சித்தி மகன் ஒருநாள் போனில், “அக்கா, ஏன் இந்தச் சின்ன லைட்டோட மினக்கெடுறீங்க? இங்க வந்தா சன்பெட்டில பத்து நிமிஷம் படுத்தாச் சரி” என்றான். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் தோலைக் கறுக்க வைக்கப் படுக்கும் அந்தக் கட்டிலிலிருந்து வருவது பெரும்பாலும் யூவிஏ என்ற வேறு வகைப் புற ஊதா ஒளி. வெண்புள்ளிக்காரர் அதில் படுத்தால் சுற்றியுள்ள நல்ல தோல் கறுக்கும், புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். நிறமே இல்லாத புள்ளியோ சுட்டுப் புண்ணாகும். அந்தப் புண் ஆறும் இடத்திலேயே புதுப் புள்ளி வரவும் கூடும். வெண்புள்ளி இல்லாதவருக்கும் அது நல்லதல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009இல் இந்தக் கட்டில்களைப் புகையிலையும் கல்நாரும் இருக்கும், புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் முதல் வகுப்பில் போட்டது. அதே வருடம் பிரேசில் தடை செய்தது. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் படுக்க விடக்கூடாது என்று 2010இல் சட்டமே வந்தது.

நம் நிலாவெளிக் கடற்கரைக்கு வரும் சில வெளிநாட்டுப் பயணிகள், தங்கள் ஊரிலேயே அந்தக் கட்டிலில் படுத்துக் கொஞ்சம் கறுத்துவிட்டு வந்தால் நம் வெயில் சுடாது என்று நம்புகிறார்கள். அந்தக் கறுப்புத் தரும் பாதுகாப்பு எஸ்பிஎஃப் (வெயில் கிரீம்களில் போடும் பாதுகாப்பு எண்) 3, 4 அளவுதான். மத்தியானத்தில் யூவி சுட்டி (வெயிலின் யூவி வலுவைக் காட்டும் எண்) 11ஐத் தாண்டும் ஊரில் அது எந்த மூலைக்கு? நம் பக்கத்துக் கடைகளில் வெள்ளையாக்கும் கிரீம் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவர்கள் கறுக்கக் காசு கொடுக்கிறார்கள். உலகம் அப்படி.

சரி, விளக்குக்கு வருகிறேன். இதில் பயப்பட வேண்டியது சூடு அல்ல, சூடு தெரியாததுதான். ஒளி படும்போது தோலில் ஒன்றும் தெரியாது. சிவப்பு பல மணி நேரம் கழித்துத்தான் வரும். பின்னேரம் பிடித்தால் இரவு தெரியும், சிலவேளை அடுத்தநாள் காலையில். அதனால் “இன்றைக்கு ஒன்றுமே ஆகவில்லையே, இன்னும் கொஞ்சம் பிடிப்போம்” என்ற யோசனைக்கு இடமே கொடுக்கக்கூடாது. என் கணக்கு செக்கன்களில். அடுத்தடுத்த நாட்களில் பிடிப்பதில்லை. இளஞ்சிவப்பு ஒரு நாளுக்குள் மறைந்தால் அதே அளவு அல்லது டாக்டர் சொன்னபடி சிறு கூட்டல், மறையாவிட்டால் அந்த முறை இல்லை. எல்லாம் ஒரு கொப்பியில் எழுதுகிறேன். முன்னால் உள்ள சீப்பு மூடி தோலைத் தொட்டபடி இருக்க வேண்டும். தூரம் மாறினால் அளவும் மாறிவிடும்.

கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடி விஷயத்தில் விற்றவரிடம் எனக்குக் கோபம் உண்டு. விளக்கோடு வந்தது வெறும் நிறம் போட்ட பிளாஸ்டிக், யூவி தடுக்கும் என்று எங்கும் குறிப்பில்லை. கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதிலும் இல்லை. அப்புறம் தனியாகச் சரியான கண்ணாடி வாங்கினேன். கண்ணை மூடிக்கொள்வதோ கறுப்புக் கண்ணாடியோ போதாது. ஒளி பட்ட கண் சில மணி நேரம் கழித்து மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் கண்ணாடிக்குள் வியர்வை வடிந்து எரிச்சல்தான், ஆனாலும் கழற்றுவதில்லை.

பெட்டிக்குள் வந்த தாளில் இல்லாத இன்னும் சில விஷயங்கள். தேசிக்காய் பிழிந்த கையோடு விளக்கைத் தொடாதீர்கள். அந்தச் சாறு பட்ட தோலில் யூவி பட்டால் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரலாம். வெண்புள்ளிக்கு நாட்டு மருந்தாகப் பூசும் கார்போகரிசியும் அப்படித்தான், அதில் உள்ள சோரலன் தோலை ஒளிக்குக் கூருணர்வாக்கும். பூசிக்கொண்டு விளக்கும் பிடிப்பது ஆபத்து. வயல் வேலைக்காரர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளினும் அதே வகை. கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயலில் இறங்குபவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விளக்குப் பிடித்த நாளில் நான் கடற்கரைக்கும் போவதில்லை. போகும் மற்ற நாட்களில் புள்ளிகளின் மேல் எஸ்பிஎஃப் 50 தடவிக்கொள்வேன்.

பல்பு வருடக்கணக்கில் மெல்ல வலுவிழக்கும். புதுப் பல்பு போட்டதும் பழைய செக்கன் கணக்கில் பிடிக்கக்கூடாது, டாக்டர் குறைத்துத் தந்த அளவிலிருந்து திரும்பத் தொடங்கினேன். உள்ளே பாதரசம் இருப்பதால் பழையதை உடைத்துக் குப்பையில் போடவும் கூடாது.

எதிர்வீட்டு அன்ரி தன் மகனின் சொரியாசிஸுக்கு ஒரு கிழமைக்கு இரவல் கேட்டார். கொடுக்கவில்லை. அவன் தோலுக்கு எத்தனை செக்கன் என்று எனக்கு எப்படித் தெரியும்? முகம் சுளித்தார், ஆனால் அடுத்த கிளினிக் நாளுக்கு என்னோடு வந்தார். டாக்டர் இப்போதைக்கு அவனுக்கு எழுதியது ஒரு களிம்பு மட்டும்.