டென்னிஸ் ஆட்டத்துக்கு இரண்டு கணிப்புச் சந்தைகள்
கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் விலை கேட்டுப் பழகிய எனக்கு, ஒரு நிகழ்வின் முடிவைக் கணித்துப் பங்குகளாக வாங்கி விற்கும் பாலிமார்க்கெட், கால்ஷி ஆகிய இரு இணையத் தளங்களின் விலைப்பலகையும் புதிதாகத் தோன்றவில்லை. ஒரு வீரரின் பங்கு 62 சென்ட் என்றால், அவர் வெல்ல ஏறக்குறைய 62 விழுக்காடு வாய்ப்பு என்று சந்தை கருதுகிறது. வென்றால் 1 டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. கூர்ந்து பார்க்க வேண்டியது கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைத்தான்: 58-க்கு வாங்கவும் 63-க்கு விற்கவும் ஆளிருந்தால், உடனே வாங்கித் திரும்ப விற்பவருக்கு 5 சென்ட் நட்டம் (மண்டியிலும் இதே கதைதான்). கால்ஷியின் வழக்கமான கட்டணம், பங்கின் விலை 50 சென்ட் அருகே இருக்கும்போது உச்சம் தொடுவதால், சமபல வீரர்கள் மோதும் ஆட்டமே அங்கு செலவு மிக்கது. பாலிமார்க்கெட்டின் பன்னாட்டுத் தளமோ டாலர் மதிப்பிலான மின்நாணயத்தில் இயங்குகிறது. வீரர் காயத்தால் பாதியில் விலகினால் கணக்கு எப்படி முடியும் என்பதை விதிகளில் முன்பே படித்துவிட வேண்டும். 2025ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடுப்பதால், நான் விலையை மட்டுமே பார்க்கிறேன்.